மீட்டர் 6,800 காட்டியது, ஆடு நிற்கவில்லை: மின்வேலிக்குக் கம்பி எடுத்த அனுபவம்

வேலி போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலிக்கென்றே உள்ள மீட்டரை எடுத்துக்கொண்டு கடைசி மூலைக்குப் போய் வைத்துப் பார்த்தால் 6,800 வோல்ட் காட்டும். அதே மூலையில்தான் ஆடுகள் தினமும் வெளியே போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் காலையில் பக்கத்திலேயே நின்று கவனித்தேன். ஒரு பெட்டையாடு நடுவரிக் கம்பியைக் கழுத்தால் தள்ளிக்கொண்டு, அவசரமே இல்லாமல், முன்னங்காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தது. கம்பி அதன் கழுத்தில் படுகிறது, தோலில் அழுந்துகிறது, ஆனால் அது காதைக்கூட ஆட்டவில்லை. ஒழுங்காக இயங்கும் மின்வேலியைத் தொட்ட ஆடு கத்திக்கொண்டு பின்னால் துள்ளும். இது மேய்ந்துகொண்டே கடந்து போனது.

நான் பெட்டியைச் சந்தேகப்பட்டேன். வேலிக்கு மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும் எனர்ஜைசரைத்தான் நாங்கள் பெட்டி என்போம். என்னிடம் இருந்தது 1 ஜூல் பெட்டி; ஒரு துடிப்பில் எவ்வளவு சக்தி என்பதன் அளவுதான் ஜூல். அதை எடுத்துவிட்டு 3 ஜூல் பெட்டி வாங்கி மாட்டினேன். மீட்டரில் எண் கொஞ்சம் ஏறியது. ஆடு அதே மூலையில் அதேபோல வெளியே போனது.

வேலி வேலையில் பல வருடம் பழகிய ஒரு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பெட்டிப் பக்கமே போகவில்லை. நேராக அந்தக் கடைசி மூலைக்கு வந்தார். பெட்டியை நிறுத்தச் சொல்லி, ஓர் இரும்பு ராடை ஈர மண்ணில் அடித்து இறக்கி, அதன் மேல்முனையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். பெட்டியைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டு மீட்டரை வைத்தார். 1,100 வோல்ட். என்னிடம் அவர் சொன்னது ஒரே ஒரு வரி: “தம்பி, ஆடு தொடாதப்ப எவ்வளவு இருந்தா என்ன, தொடும்போதுல்ல இருக்கணும்.”

பிறகு பெட்டிக்குப் பக்கத்திலேயே, வேலி தொடங்கும் இடத்தில், அதே ராடு சோதனையைச் செய்தார். அங்கே 7,200 இருந்தது 5,600 ஆனது, அவ்வளவுதான். ஆக, பெட்டியில் சக்தி இருக்கிறது, 600 மீட்டர் தள்ளி அது போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது கம்பி மட்டும்தான். அந்தக் கம்பியை நான் வாங்கியபோது ஓர் எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. கையில் பிடிக்க மெதுவாக இருக்கிறது, ஒரே ஆள் இழுத்துக் கட்டிவிடலாம், வெள்ளையாக ஆட்டுக்கும் கண்ணில் படும் என்று பாலிவயரைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

பாலிவயர் என்பது பிளாஸ்டிக் நூலோடு சன்னமான உலோக இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு. மின்சாரம் போவது அந்த இழைகளில் மட்டும்தான். நான் வாங்கியதில் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஆறு இழை, துருப்பிடிக்காத எஃகு. ஆறு இழை என்றதும் திருப்தியாக இருந்தது. துருப்பிடிக்காத எஃகு என்றால் உயர்ந்த சரக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். மழைக்கும் வெயிலுக்கும் அது உயர்ந்ததுதான். மின்சாரம் கடத்துவதில் சாதாரண எஃகைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு மோசம். இழையின் குறுக்களவை வைத்துக் கணக்குப் போட்டால், என் பாலிவயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 3,800 ஓம் தடை வருகிறது. 600 மீட்டருக்கு 2,280 ஓம்.

இதற்கு அப்புறம் உள்ள கணக்கு எளிமையானது. வேலி போட நினைக்கும் ஒவ்வொருவரும் இதை ஒருமுறை பேப்பரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். விலங்கின் உடலை 500 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனர்ஜைசர்களைச் சோதிக்கும்போதும் உடலுக்குப் பதிலாக இந்த 500 ஓம் சுமையைத்தான் வைக்கிறார்கள். பெட்டி தருவது 7,000 வோல்ட். கம்பியில் 2,280, ஆட்டில் 500, மொத்தம் 2,780 ஓம். வோல்ட்டு அந்த விகிதத்தில் பிரியும். ஆட்டின் பங்கு 1,260 வோல்ட்டுக்குப் பக்கம். மீதியைக் கம்பியே தின்றுவிடுகிறது. மீட்டர் இழுப்பது மிகக் குறைந்த மின்னோட்டம் என்பதால் அதற்கு இந்த இழப்பு தெரிவதே இல்லை, முழு வோல்ட்டையும் காட்டிவிடும். அதே 600 மீட்டருக்கு 2.5 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி போட்டால் தடை வெறும் 21 ஓம். ஆட்டின் பங்கு 6,700. உண்மையில் பெட்டியின் உள்தடை, புல் தொடுவது, எர்த் என்று இன்னும் பல இடத்தில் கழியும். ஆனாலும் 1,260க்கும் 6,700க்கும் நடுவில் இருப்பது ஆடு உள்ளே இருப்பதற்கும் வெளியே போவதற்கும் உள்ள வித்தியாசம். மாட்டுக்கு 3,000 வோல்ட் இருந்தால் சமாளிக்கலாம் என்பார்கள். ரோமம் அடர்ந்த ஆட்டுக்கு 4,000க்குக் கீழே இறங்கவே விடக்கூடாது.

ஆகவே கம்பி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது கிலோமீட்டருக்கு எத்தனை ஓம் என்பதைத்தான். பெட்டி எத்தனை ஜூல் என்பது அதற்குப் பிறகு வரட்டும். பாலிவயரிலேயே செம்பு இழை கலந்த வகை உண்டு. அதன் தடை சில நூறு ஓம் அளவுக்கு, சிலவற்றில் அதற்கும் கீழே இறங்கிவிடும். வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அட்டையில் ஓம் எண் போடாத பாலிவயரை நான் இப்போது தொடுவதில்லை.

பழைய பாலிவயரைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. மூலை இன்சுலேட்டரில் வளைந்து போகும் இடத்தில் பிரித்துப் பார்த்தேன். ஆறு இழையில் நான்கு அறுந்திருந்தது. காற்றில் ஆடி ஆடி, வளைவிலேயே தேய்ந்திருக்கிறது. அறுந்த முனைகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் கருகி, கறுப்பாக, கடுகு அளவு முடிச்சுகளாக உருகி நின்றது. வெளியே கயிறு முழுசாகத்தான் தெரிந்தது. ராத்திரி போய்ப் பார்த்திருந்தால் நீலப்பொறி கண்ணில் பட்டிருக்கும். இப்போது மாதம் ஒருமுறை இருட்டில் வேலியைச் சுற்றி நடக்கிறேன். பொறியைக் கண் பிடிக்கிறதோ இல்லையோ, டிக் டிக் என்ற சத்தத்தைக் காது பிடித்துவிடும்.

நிரந்தர வேலிக்கு எஃகுக் கம்பி என்று முடிவானதும், எந்த எஃகு என்ற கேள்வி வந்தது. கட்டுக் கம்பி போல வளையும் மென்மையான ஜிஐ கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய கம்பி, எங்கும் கிடைக்கும். கையால் முறுக்கிவிடலாம். ஆனால் மாடு ஒருமுறை சாய்ந்தால் அது நீண்டுவிடும், நீண்டது திரும்பாது. தொய்ந்த கம்பி புல்லில் விழும், புல் வழியே மின்சாரம் மண்ணுக்குப் போகும். ஹை டென்சைல் கம்பி, அதாவது அதிக இழுவை தாங்கும் எஃகுக் கம்பி, அப்படி இல்லை. 2.5 மில்லிமீட்டரில் மென்கம்பி 200 கிலோ இழுவைக்குப் பக்கத்தில் அறுந்துவிடும் என்றால், ஹை டென்சைல் 600 கிலோவுக்கு மேல் தாங்கும். தள்ளினால் வில் மாதிரி வளைந்து கொடுத்துவிட்டு இடத்துக்குத் திரும்பி வரும். வெளி எல்லைக்கு இதையே எடுத்தேன். உள்ளே பிரிக்கும் வேலிகளுக்கு அதே ரகத்தில் 1.6 மில்லிமீட்டர்.

தடிமன் விஷயத்தில் கேஜ் எண்ணை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். கேஜ் கூடக் கூடக் கம்பி சன்னமாகும் என்பது பலருக்குத் தெரியும். கேஜ் அட்டவணையே ஒன்றுக்கு மேல் உண்டு என்பது தெரியாது. எஸ்டபிள்யூஜி என்ற பிரிட்டிஷ் அட்டவணைக் கணக்கில் 12 கேஜ் என்றால் 2.64 மில்லிமீட்டர், 14 கேஜ் 2.03, 16 கேஜ் 1.63. வேலிக் கம்பியில் பன்னிரண்டரை கேஜ் என்று சொல்வது வேறோர் அட்டவணைப்படி 2.5 மில்லிமீட்டர். நான் தடிமன் அளக்கும் வெர்னியரைக் கையோடு கொண்டுபோய் அளந்து பார்த்து வாங்கினேன். தடை குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது என்பதால், விட்டம் பாதியானால் தடை நான்கு மடங்காகும். 1.6 மில்லிமீட்டர் கம்பிக்கு 2.5 கம்பியைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு தடை. கால் மில்லிமீட்டர்தானே என்று விட்டுக்கொடுக்க முடியாது.

இன்னொன்று, கம்பியை எடைக்குத்தான் விற்பார்கள். நமக்கு வேண்டியது நீளம். 2.5 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி 100 மீட்டர் ஏறக்குறைய 3.85 கிலோ வரும். 25 கிலோ சுருளில் 650 மீட்டர் இருக்கும். 1.6 மில்லிமீட்டரில் 100 மீட்டர் 1.6 கிலோவுக்குள் அடங்கிவிடும். இந்த எண்களை வைத்து மீட்டருக்கு என்ன ஆகிறது என்று மாற்றிப் பார்த்த பிறகே இரண்டு ரகத்தை ஒப்பிட வேண்டும். சுருளை எடை போட்டுப் பார்த்தால் சொன்ன நீளம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஹை டென்சைல் கம்பியைக் கையாளுவது தனி வேலை, இங்கே தயவுசெய்து அவசரப்படாதீர்கள். சுருளில் சுற்றிய கம்பி என்றால் அழுத்தி வைத்த ஸ்பிரிங் என்று அர்த்தம். முதல் சுருளின் கட்டுகளை நான் வரிசையாக வெட்டினேன். நான்காவது கட்டை வெட்டியதும் உள்வளையம் ஒரே உதறலில் எழுந்து என் முன்கையைக் கீறி, தாடை ஓரமாகப் போய் நின்றது. முன்கையில் ஒரு சாண் நீளத்துக்குக் காயம். இரண்டு விரற்கடை மேலே வந்திருந்தால் கண். அடுத்த சுருளிலிருந்து கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் கை வைப்பதில்லை. சுருளைச் சுழலும் ஸ்டாண்டில் வைத்து, உள்முனை எது வெளிமுனை எது என்று பார்த்து, கட்டு வெட்டுவதற்கு முன்பே முனையைப் பிடித்துக்கொள்கிறோம். வெட்டிய முனையைச் சும்மா விடாமல் மண்ணில் குத்தி வைக்க வேண்டும்.

இந்தக் கம்பி கூர்மையான மடிப்பைத் தாங்காது. பிளேயரால் நெரித்த தடம் இருந்தாலும் அந்த இடத்தில்தான் பின்னால் அறும். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் இரண்டு மூன்று தரம் வளைத்தால் கையிலேயே முறிந்துவிடும். முடிச்சென்றால் எட்டுப் போட்ட மாதிரியான முடிச்சு, வளைவுகள் அகலமாக இருக்க வேண்டும். இழுவையும் அளவோடுதான். மின்வேலிக்கு 80, 90 கிலோ போதும், வீணைத் தந்தி மாதிரி இழுக்கத் தேவையில்லை. எஃகு 100 மீட்டரில் 30 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 36 மில்லிமீட்டர் நீளும். வெயிலில் விறைப்பாகக் கட்டினால் குளிரில் அது மூலைத் தூணைப் பிடித்து இழுக்கும். என் மூலைத் தூண் ஒன்று சாய்ந்தது அப்படித்தான்.

துருவைப் பற்றி. ஜிஐ என்று எழுதியிருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். துத்தநாகப் பூச்சு எவ்வளவு தடிமன் என்பதில்தான் கம்பியின் ஆயுள் இருக்கிறது. மெலிந்த பூச்சில் சதுர மீட்டருக்கு 85 கிராம் அளவுக்குத் துத்தநாகம் இருக்கும். கனத்த பூச்சில் 240 கிராமுக்குப் பக்கம். இரண்டும் புதிதில் ஒரே மாதிரி மின்னும். துத்தநாகத்தோடு 5 சதவீதம் அலுமினியம் கலந்த பூச்சும் வருகிறது, அது இன்னும் நெடுநாள் நிற்கும். கடல்காற்று அடிக்கும் நிலம், தொழிற்சாலைப் புகை படியும் நிலம் என்றால் இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. துருப்பிடித்த கம்பி பலம் இழப்பது ஒரு பக்கம். துரு படிந்த மேற்பரப்பு விலங்கின் ரோமத்தோடும் கிளாம்ப்போடும் சரியாகத் தொடர்பு கொள்ளாது என்பது இன்னொரு பக்கம்.

அலுமினியக் கம்பியையும் யோசித்தேன். அதே 2.5 மில்லிமீட்டரில் கிலோமீட்டருக்கு 6 ஓம் கூட வராது, எஃகில் 35. எடையும் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மாடு சாய்ந்தால் நீண்டுவிடும், வெயிலில் எஃகைப் போல இரண்டு மடங்கு தொய்யும், காற்றில் ஆடும் வளைவில் முறியும். பல கிலோமீட்டர் நீளும் வேலியில், விலங்கு தொடாத உயரத்தில், சக்தியைக் கடைசி வரை கொண்டுபோகும் தனி வரியாக அதைப் போடலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. ஐந்து வரிக் கம்பியையும் ஆரம்பத்திலும் கடைசியிலும் ஒன்றோடொன்று இணைத்தாலே தடை ஐந்தில் ஒன்றாகிவிடும். இதற்குச் செலவாவது நாலு முழம் கம்பியும் சில கிளாம்ப்பும் மட்டும்தான். இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஜாயின்ட்டில் செம்பை நுழைக்காதீர்கள். செம்பு நல்ல கடத்தி என்று வீட்டு வயரின் முனையைச் சீவி ஜிஐ கம்பியில் சுற்றிவிட்டிருந்தேன். ஆறு மாதத்தில் அங்கே வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது, உள்ளே துத்தநாகம் போய் இரும்பு செம்பழுப்பாக நின்றது. இரண்டு வேறு உலோகம், நடுவில் மழை ஈரம், அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து துத்தநாகத்தைக் கரைத்துவிடும். இப்போது ஜிஐ கம்பிக்கு ஜிஐ கிளாம்ப்தான், நட்டு போட்டு இறுக்குவது. வெறுமனே சுற்றிவிட்ட ஜாயின்ட் ஒன்றுகூட வேலியில் இல்லை.

பெட்டியிலிருந்து வேலிக்குப் போகும் இணைப்புக்கும் அந்த வீட்டு வயரைத்தான் பிளாஸ்டிக் குழாயில் விட்டுப் புதைத்திருந்தேன். அதன் உறை வீட்டு மின்சாரத்துக்காகச் செய்தது. 7,000 வோல்ட் துடிப்பை அது தாங்காது. குழாய்க்குள் தண்ணீர் இறங்கியதும் மண்ணுக்குள்ளேயே கசிய ஆரம்பித்தது. மேலே எதுவும் தெரியாது, வேலியில் வோல்ட்டு மட்டும் நாளுக்கு நாள் இறங்கும். மின்வேலிக்கென்றே இரட்டை உறை போட்டு வரும் கேபிள் இருக்கிறது, வாசல் கேட்டுக்கு அடியில் கடத்தவும் அதுவேதான் வேண்டும்.

இனி எழுதப்போவதை எழுத மனம் கனக்கிறது. புதுக் கம்பி வருவதற்கு முன்னால், ஒரு பக்கம் ஏற்கெனவே இருந்த முள்கம்பியிலேயே மின்சாரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். இரும்புதானே, கனமாகவும் இருக்கிறது என்று. இரண்டாம் நாள் ஒரு கிடாரிக் கன்று அதில் மாட்டிக்கொண்டது. சாதாரணக் கம்பி என்றால் அதிர்ச்சி வாங்கிய விலங்கு பின்வாங்கி விடுபட்டுவிடும். முள் தோலில் ஏறிவிட்டால் பின்வாங்க முடியாது. ஒவ்வொரு நொடியும் அடி விழும், ஒவ்வொரு அடிக்கும் அது திமிறும், திமிறத் திமிற முள் இன்னும் ஆழமாக ஏறும். சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பெட்டியை நிறுத்தும்போது கன்றின் தோள்பட்டை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பிழைத்துவிட்டது, ஆனால் இன்றுவரை வேலிப் பக்கம் வந்தால் நடுங்குகிறது. முள்கம்பிக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பது மின்வேலிக் கருவிகளுக்கான ஐஇசி 60335-2-76 என்ற சர்வதேசத் தரத்திலேயே இருக்கிறது. பழைய முள்வேலி நின்றால் நிற்கட்டும். அதிலிருந்து விலகி நிற்கும் தாங்கிகளில் தனியாக வழவழப்பான கம்பியை ஓட்டி, அதற்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள்.

அதே தரம் துடிப்புக்கும் வரம்பு வைத்திருக்கிறது. நொடிக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது, ஒரு துடிப்பு 10 மில்லிநொடியைத் தாண்டக் கூடாது. இந்த இடைவெளிதான் உயிரைக் காக்கிறது, தொட்டவர் கையை எடுக்க நேரம் கிடைக்கிறது. எந்தக் கம்பியாக இருந்தாலும் சரி, வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் கொடுப்பது கொலைக்குச் சமம். அதில் இடைவெளி கிடையாது, பிடித்த கை விடாது. சாகப்போவது பன்றியா, பக்கத்து நிலத்துப் பிள்ளையா என்று கம்பிக்குத் தெரியாது. முறையான எனர்ஜைசர் வாங்க முடியாத நிலை என்றால் மின்வேலியே வேண்டாம், சாதா வேலி போதும்.

கம்பி மாற்றியும் வோல்ட்டு ஏறவில்லை என்று சிலர் சொல்வார்கள். அப்போது எர்த்தைப் பாருங்கள். கம்பி வழியாகப் போன மின்சாரம் விலங்கின் கால் வழியே மண்ணில் இறங்கி, எர்த் ராடு மூலமாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். பாதிப் பயணம் மண்ணில்தான். நான் மூன்று ஜிஐ ராடுகளை மும்மூன்று மீட்டர் இடைவெளியில் ஆழமாக இறக்கி, ஒரே கம்பியால் இணைத்திருக்கிறேன். வீட்டின் எர்த்துக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுவரக் கூடாது. சோதிப்பது சுலபம். பெட்டியிலிருந்து 100 மீட்டர் தள்ளி இரும்புக் கம்பிகளைச் சாய்த்து, வேலி வோல்ட்டை 2,000க்குக் கீழே இறக்குங்கள். பிறகு எர்த் ராடில் மீட்டரை வையுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ராடு போதவில்லை. கோடையில் மண் காய்ந்து, ராடு எத்தனை அடித்தும் பலனில்லை என்றால், ஒரு வரிக்கு மின்சாரம், அடுத்த வரிக்கு எர்த் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். இரண்டு கம்பியையும் ஒன்றாகத் தொடும் விலங்குக்கு மண்ணின் தயவு தேவையில்லை.

பாலிவயரை நான் தூக்கி எறியவில்லை. மேய்ச்சலுக்காக இரண்டு நாளுக்கு ஒருமுறை நகர்த்தும் உள்தடுப்புக்கு அதுதான் வசதி, கண்ணிலும் நன்றாகப் படும். 80 மீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. எஃகு வரியிலிருந்து கிளிப் போட்டு எடுக்கிறேன். அந்த நீளத்துக்கு அதன் தடை 300 ஓம் சொச்சம்தான், ஆட்டுக்கு வேண்டியது போய்ச் சேருகிறது.

அந்தக் கடைசி மூலையில் அண்ணன் அடித்த ராடு இன்னும் அப்படியே இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெட்டியை நிறுத்தி, ராடைக் கம்பியோடு கட்டி, திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். போன வாரம் 5,200 காட்டியது. கீழ்வரியில் கொடி ஏறிய மாதம் 4,300க்கு வந்தது, அன்றைக்கே அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பெட்டையாடு இப்போது அந்த மூலையில் கம்பிக்கு ஒரு முழம் தள்ளியே மேய்கிறது.